‘பென்’ என்றால் உள்ளே

1

என் அம்மாவுக்குப் படைக்கிற சோற்றில் எனக்குப் பங்கில்லை என்று சொல்வதற்காக என் அண்ணன் செல்வம் கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன் போட்டான். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு இது ஞாபகம் வந்ததாம்.

“வா பாப்பா, தாராளமா வா. படையல் ரூமுக்குள்ள மட்டும் வராத. அந்தச் சோறும் உனக்கு ஆவாது. நம்ம வூட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா இன்னா?”

தெரியும். ஐம்பது வயதுப் பாப்பாவுக்கு அதுகூடவா தெரியாது? புருஷன் உயிரோடு இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்கிற பெண் அந்த வீட்டுக்குச் சாமி ஆகிவிடுகிறாள். பூவாடைக்காரி என்று பெயர். வருஷா வருஷமும், வீட்டில் கல்யாணம் காட்சி வந்தாலும், புதுப்புடவை, மஞ்சள், வளையல் எல்லாம் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். படையலுக்குள் பங்காளிகளும் அவர்கள் கட்டிவந்த பெண்களும் போகலாம். கட்டிக்கொடுத்த பெண் போகக்கூடாது. அவள் வேறு வீட்டுக்காரி. அவள் அந்தச் சோற்றைத் தின்றால் சாமி அவள் பின்னாலேயே போய்விடுமாம், பிறந்த வீடு பட்டுப்போய்விடுமாம். எங்கள் வகையறாவில் இப்படித்தான். மற்றவர்கள் வீட்டில் எப்படியோ, எனக்குத் தெரியாது.

ஆக, அம்மா வயிற்றில் பிறந்த நான் ஹாலில் உட்கார வேண்டும். அம்மாவோடு இருபத்தைந்து வருஷம் தண்ணீர்க் குடத்துக்கும் துவைக்கிற சோப்புக்கும் சண்டை போட்ட அண்ணி உள்ளே போய் இலை போடுவாள். என்ன நியாயமடா இது?

எனக்குச் சாமி வேண்டாம், வீட்டில் பங்கும் வேண்டாம். அம்மாவுக்கு எதிரே ஒரு ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இங்கே இருக்கிற ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

நான் இருக்கும் ஊர் அபர்தீனுக்கு வடக்கே கடலோரம். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக வந்தார், பின்னாலேயே நானும் வந்தேன். தாம்பரத்தில் காலேஜ் படித்தபோது நான் ஆங்கில மீடியம், கட்டுரைப் போட்டியில் கப்பெல்லாம் வாங்கியவள். அந்த மிதப்பில் இங்கே வந்து இறங்கினால் ஒருத்தர் பேசுவதும் புரியவில்லை. ‘வாட்’ என்பதை இவர்கள் ‘ஃபிட்’ என்பார்கள். ‘ஃபிட் லைக்’ என்று கேட்டால் சௌக்கியமா என்று அர்த்தம். முதல் வாரம் ஒரு கிழவர் மருந்துச் சீட்டோடு வந்து அப்படிக் கேட்க, நான் அவர் சட்டை அளவு கேட்கிறாரோ என்று திருதிருவென்று விழித்தேன். கேலி செய்யவும் வாய் வரவில்லை. ‘என்ன’வை ‘இன்னா’ என்கிற ஊரில் பிறந்தவள் நான், எந்த மூஞ்சியோடு சிரிப்பது?

இவர்களுடைய ஸ்காட்ஸ் பேச்சில் ஒரு சின்னச் சொல் ‘பென்’. வீட்டின் உட்பக்கம், உள்ளே இருக்கிற அறைக்குள், இன்னும் உள்ளே என்று அதற்கு அர்த்தம். ‘பென் தி ஹூஸ்’ என்றால் வீட்டுக்குள்ளே. ‘கம் பென்’ என்றால் உள்ளே வா. வாசலில் நிற்பவரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டால் அவரை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

அம்மா சாகும் வரைக்கும் எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. சேர்ந்தாற்போல இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு ஷீனா பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். நான் இங்கே வந்த நாள் முதலாக அவளுக்கும் எனக்கும் இருந்த உறவு குப்பைத் தொட்டி உறவு. இந்த வாரம் நீலத் தொட்டியா, சாம்பல் தொட்டியா என்று வேலிக்கு மேலே கேட்பாள், பதில் சொல்வேன். கிறிஸ்துமஸுக்குக் கதவிடுக்கில் ஒரு கார்டு செருகிவிட்டுப் போவாள், நான் தீபாவளிக்கு முறுக்கு கொடுப்பேன். வாங்கிக்கொண்டு வாசலிலேயே நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். நம் ஊரில் மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட மோர் குடிக்கிறாயா என்று கேட்போமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மகள் தாரிணிக்கு அந்தக் கோபமெல்லாம் கிடையாது. அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் அவளுக்குப் பசி, தூக்கம், திட்டு ஆகிய மூன்றுக்கு மட்டும் வரும். மற்றதெல்லாம் இந்த ஊர்ப் பேச்சு. ஒருநாள் என் போனைத் தேடிக்கொண்டிருந்தேன். “அம்மா, அது பென் தி கிச்சன்ல இருக்கு” என்றாள். நான் கடலைத் தாண்டி வந்து பெற்ற பிள்ளை ஷீனா மாதிரியே பேசியது. அன்று அதற்காக அவளிடம் எரிந்து விழுந்தேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை, பாவம்.

3

அம்மா போன வருஷம் ஆடி மாதத்தில் தவறிப்போனாள். காலையில் எழுந்து குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, காப்பி கலக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என் கெட்ட நேரம், பாஸ்போர்ட்டை அப்போதுதான் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். உடனே வேண்டும் என்று போன் செய்தால் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து, இறந்தவர் நெருங்கிய உறவா என்று கேட்டாள். அம்மா என்றேன். என் உச்சரிப்பு அவளுக்குப் பிடிபடவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னாள். ‘மை மதர் இஸ் டெட்’ என்பதை ஒருத்தி எத்தனை தடவைதான் சொல்வாள்? கடைசியில் தாரிணி போனை என் கையிலிருந்து பிடுங்கி அவளுடைய பேச்சில் அவளே பேசினாள். நடக்கவில்லை. கீழ்க்கட்டளையில் பாடையைத் தூக்குவதை நான் போன் திரையில் பார்த்தேன். அங்கே யாரோ மாமன் மகன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி நேரம் அம்மா தெரிந்தாள், பாதி நேரம் பந்தலின் துணி தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஷீனா கதவைத் தட்டினாள். தாரிணி சொல்லியிருக்க வேண்டும். ஷீனா கட்டிக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தன் வீட்டுப் பக்கம் தலையை ஆட்டி, “கம் அவா பென்” என்றாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனேன்.

அவள் வீட்டில் எப்போதும் பின்கதவுதான் புழக்கம். நுழைந்ததும் அடுப்படி. தொட்டியில் கழுவாத கோப்பைகள் கிடந்தன. நான் நேராகப் போய்க் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்துவிட்டேன். நமக்கு வேறு என்ன தெரியும்? ஒருத்தி நம்மை உள்ளே கூப்பிட்டால் அடுப்படி வரைக்கும் போவோம், கையில் கிடைத்த வேலையைச் செய்வோம், அதுதான் நான் உன் வீட்டுப் பெண் என்பதற்கு அடையாளம். அதுவும் துக்க நாளில் கை சும்மா இருக்குமா? கண்ணீரும் சோப்புமாக நான்கு கோப்பை கழுவியிருப்பேன். ஷீனா திகைத்துப்போய் நின்றாள். பிறகு குழாயை மூடிவிட்டு, என் கையைத் துண்டால் துடைத்து, இங்கே இல்லை, இன்னும் உள்ளே என்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

அடுப்படியைத் தாண்டி ஒரு அறை. பூப்போட்ட சோபா, கண்ணாடி அலமாரி, அலமாரியில் தங்க விளிம்பு வைத்த கோப்பைகள். யாரும் உட்கார்ந்து கசங்காத அறை. என்னை அங்கே உட்கார வைத்து, அந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். என் துக்கத்துக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அது, இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

ஆனாலும் ஏதோ உறுத்தியது. பிறகு ஊர் நூலகத்தில் ஸ்காட்ஸ் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சின்னச் சொல்லுக்கு எத்தனை பத்தி! நூற்றுக்கணக்கான வருஷம் சோறு போட்டு வளர்த்திருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘உள்ளே’ என்று பொருள்பட்ட ஒரு நீளமான சொல் தேய்ந்து ‘பென்’ ஆகியிருக்கிறது. அதற்கு ஜோடி ‘பட்’, அதாவது வெளிப்பக்கம். ‘ஆனால்’ என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே ‘பட்’தான், அந்தக் காலத்தில் அதற்கு ‘வெளியே’ என்றும் ‘இல்லாமல்’ என்றும் அர்த்தம் இருந்திருக்கிறது. ஏழைக் குடியானவன் வீடு இரண்டே அறை. வாசலை ஒட்டி அடுப்பெரிகிற அறை ‘பட்’, அதைத் தாண்டி உள்ளே இருக்கிற அறை ‘பென்’. அதனால் அந்த மாதிரி வீட்டுக்கே ‘பட் அண்ட் பென்’ என்று பெயர். ஒருவரிடம் ரொம்ப நெருக்கமாகிவிட்டவனை ‘ஃபார் பென்’ என்பார்கள், வெகு உள்ளே போனவன் என்று. பெரிய மனிதரிடம் செல்வாக்குள்ளவனுக்கும் அதே பேச்சு.

இதுவரைக்கும் சரி. அடுத்த பத்தியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. வீட்டு மனிதர்கள் சமைத்து, தின்று, புரண்டு, சண்டை போட்டது எல்லாம் அந்த ‘பட்’ அறையில்தானாம். ‘பென்’ நல்ல அறை. பாதிரியார் மாதிரி மதிப்பான ஆள் வந்தால் கூப்பிட்டு உட்கார வைக்கிற இடம். அதாவது ஷீனா என்னை விருந்தாளியாக்கியிருக்கிறாள். சொந்தக்காரி நிற்கிற அடுப்படியிலிருந்து என்னைக் கிளப்பி, மரியாதைக்குரியவள் உட்காரும் இடத்தில் வைத்திருக்கிறாள். அவளுக்கு அதுதான் உசத்தி, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்த நான்கு கோப்பையை முழுதாகக் கழுவ விட்டிருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அம்மாவின் உடம்பைப் பார்க்கவில்லை, ஒரு பிடி அரிசி வாயில் போடவில்லை. அகராதியை மூடும்போது முடிவு செய்தேன், வருஷப் படையலுக்கு எப்படியும் ஊருக்குப் போய்விடுவது என்று. என் வீட்டில் என்னை யாரும் விருந்தாளியாக்க முடியாது என்று நினைத்தேன். என்ன திமிர் எனக்கு!

4

திரிசூலம் விமான நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கீழ்க்கட்டளை ஒரு கூப்பிடு தூரம். அண்ணன் கார் அனுப்பியிருந்தான், ‘மேடம்’ என்று பெட்டியை வாங்கினார் டிரைவர். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் நைனா நெல் விளைத்த நிலத்தில் இப்போது நாலு தெரு இருக்கிறது. விற்றது போக மிஞ்சியதில் அண்ணன் மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறான். வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டான். கீழே ஹால், அதைத் தாண்டி அடுப்படி, அதற்கும் உள்ளே ஒரு அறை. அம்மா கடைசி வரைக்கும் படுத்திருந்த அறை அது. இப்போது கட்டிலை எடுத்துவிட்டு, படத்தை மாட்டி, சாமி அறை ஆக்கியிருக்கிறார்கள்.

என்னை ஹால் சோபாவில் உட்கார வைத்தார்கள். சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை, உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்கிறது. அண்ணி மல்லிகா தட்டில் பிஸ்கட்டும், சாஸர் வைத்த கப்பில் காப்பியும் கொண்டுவந்தாள். இந்த வீட்டில் நான் காப்பி குடித்தது எவர்சில்வர் டம்ளரில், அடுப்படித் தரையில். நானே எழுந்து அடுப்படிக்குப் போனேன். வழியிலேயே மறித்துவிட்டாள்.

“நீங்க உக்காருங்க. ஃபாரின்லேர்ந்து வந்துகினு உங்களுக்கு எதுக்கு இந்த அனலு?”

அண்ணியின் வாயில் நான் ‘நீங்க’ ஆகிவிட்டேன். ஒரு காலத்தில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவள் அவள், நானும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சண்டை எவ்வளவோ தேவலை. தண்ணீர் எடுக்கப் போனால் பாட்டில் வந்தது. துணி துவைக்கப் போனால் மெஷினில் போட்டுத் தருகிறேன் என்றாள். இரண்டு நாள் அந்தப் பிளாஸ்டிக் சோபாவில் உட்கார்ந்து, சுவரில் இருக்கிற பெரிய டிவியைப் பார்த்தேன். நைனா எதிரே நாற்காலியில் இருந்தார். அவருக்கு அம்மா போனதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. நடுநடுவே என்னைப் பார்ப்பார், சாப்ட்டியா என்பார், மறுபடியும் டிவியைப் பார்ப்பார்.

அண்ணன் மகள் நிவேதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாம்பரத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். இந்தப் படையல் வருஷத்துக்கும் சேர்த்து, கல்யாணத்துக்கும் சேர்த்து. அவள் மட்டும் என்னோடு உட்கார்ந்து பேசினாள். அத்தை அந்த ஊரில் பனி பெய்யுமா, தாரிணி ஏன் வரவில்லை என்றெல்லாம் கேட்டாள். தாரிணியைக் கூப்பிட்டேன்தான். உன்னையே உள்ளே விட மாட்டார்களாம், நான் வந்து எங்கே நிற்பது என்று கேட்டுவிட்டாள். அதை நிவேதாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பரீட்சை என்று சொல்லிவைத்தேன்.

படையலுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போய் அம்மாவுக்கு மல்லிகையும் கதம்பமும் வாங்கிவந்தேன். அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கதம்பம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையார் பொம்மைக்குப் போட்டிருந்தது. நான் வாங்கிய பூ என்பதால் அதுவும் உள்ளே ஆகாதாம். அண்ணா, பூவுக்குமா கல்யாணம் ஆகிவிட்டது என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே போய் வாய் நீண்டுவிட்டது என்றான். அங்கே போவதற்கு முன்னாலேயே இந்த வாய் இவ்வளவு நீளம்தான், அவன் மறந்துவிட்டான்.

பெரிய மோதல் அன்றைக்குத்தான். நான் கெஞ்சியும் பார்த்துவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சோறு வேண்டாம், தொடக்கூட மாட்டேன், ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளுக்கு அதுகூடக் கிடையாதா என்று அழுதேன். அவன் டிவி ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டே, நிவேதா கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், இந்த நேரத்தில் சாமி குத்தம் ஏற்பட்டால் நீயா வந்து பார்ப்பாய், நீ பாட்டுக்குப் பிளேன் ஏறிப் போய்விடுவாய் என்றான். அந்தக் கடைசிப் பேச்சு என்னைச் சுட்டுவிட்டது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

5

படையலன்று விடியற்காலையிலேயே வீடு மணக்க ஆரம்பித்துவிட்டது. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், மசால் வடை, அரிசிப் பாயசம். எல்லாம் அம்மாவுக்குப் பிடித்தது. பங்காளி வகையில் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் பெண்டாட்டிகளோடு வந்தார்கள். ஆம்பளைகள் வேட்டி மாற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். எப்போ வந்தே பாப்பா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பதிலுக்கு யாரும் நிற்கவில்லை.

எனக்கு டீபாய் மேல் ஒரு பார்சல் வந்து உட்கார்ந்தது. அண்ணன் போனில் ஆர்டர் போட்டிருக்கிறான். ஓட்டல் சாம்பார் சாதம், தயிர் சாதம், பிளாஸ்டிக் ஸ்பூன். “சூடு ஆறதுக்குள்ள சாப்ட்டுடு பாப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். பத்தடி தூரத்தில் என் அம்மாவின் குழம்பு கொதிக்கிறது, எனக்கு ஓட்டல் பார்சல். அந்த நிமிஷம் அவனை நான் வெறுத்தேன், அதை மழுப்ப எனக்கு இஷ்டமில்லை.

உள்ளே இலை போட்டு, புடவை வைத்து, கற்பூரம் காட்டினார்கள். மணிச் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்துப்போனவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் உள்ளே இருக்கக்கூடாது, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அவள் நிம்மதியாகச் சாப்பிட்ட பிறகு கதவைத் திறந்து, அந்த இலையிலிருந்து எடுத்து வீட்டார் சாப்பிடுவார்கள். எல்லோரும் ஹாலுக்கு வந்து ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தார்கள். நைனா மட்டும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். பார்சலைப் பிரிக்கவில்லையா என்று கேட்டாள். என் நாக்கு சும்மா இருக்குமா? பக்கத்தில் நிவேதா நின்றிருந்தாள். இவளையும் என் பக்கத்தில் உட்காரப் பழக்குங்கள் அண்ணி, அடுத்த வருஷம் இவளுக்கும் சேர்த்து ஒரு பார்சல் சொல்ல வேண்டியிருக்கும், நாளைக்கு நீங்களும் பூவோடு போய்ச் சேர்ந்தால் உங்கள் இலையை இவள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்றேன். சொன்னதும் நிவேதாவின் முகம் செத்துவிட்டது. அவளை அடிக்க நான் நினைக்கவில்லை, ஆனால் அடி அவள்மேல்தான் விழுந்தது.

அண்ணி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சோபாவின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

“பம்மல்ல எங்கம்மாவுக்குப் படைக்கச் சொல்லோ நானும் வெளியிலதான் உக்காந்துகினு இருந்தேன். எனக்குப் பார்சல்கூட யாரும் சொல்லல. பசியோட பஸ் ஏறி இங்க வந்து, உங்கம்மாவுக்குச் சோறாக்கினேன்.”

இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். அந்த வலி தெரிந்தவள் எப்படி என்னை அடுப்படி வாசலில் மறித்தாள்? தெரிந்துகொண்டே செய்கிறவளிடம் என்ன பேசுவது? நான் எழுந்தேன். பாத்ரூம் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அடுப்படியைக் கடந்தேன். நைனா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தக் கதவைத் தள்ளிவிட்டேன்.

குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே மஞ்சள் புடவை, வளையல். தலைவாழை இலையில் சோறு மலைபோல, குழம்பு ஓடி இலை விளிம்புக்கு வந்திருந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஹாலே எழுந்து வந்தது. அண்ணன் வெளிய வாடி என்று கத்தினான். சித்தப்பா மகன் ஒருத்தன், குடி கெட்டுது என்றான். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. நைனா முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அழுகிற குரலில் சொன்னார்.

“அவ இன்னும் சாப்டல பாப்பா. நடுவுல கதவத் தெறந்துட்டியே. பசியோட எழுந்து பூடுவாம்மா.”

அண்ணனுக்கு வழக்கம், அண்ணிக்குப் பழக்கம், சித்தப்பா மகன்களுக்குக் குடி. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் பசியைப் பற்றிக் கவலைப்பட்டது அவர் ஒருத்தர்தான். நான் சுமந்துவந்த கோபமெல்லாம் அந்தக் கிழவரின் கையில் ஒரு துணி முனையாகச் சுருங்கிவிட்டது. அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வெளியே போகவும் கால் வரவில்லை.

அவர் விரல்களிலிருந்து தலைப்பை மெதுவாக எடுத்தேன். இன்னொரு காலையும் உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன். இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒரு பருக்கையைத் தொடவில்லை. அழவும் இல்லை. சாப்பிடும்போது யாராவது அழுதால், பேசினால் அம்மாவுக்குப் பிடிக்காது.

வெளியே சத்தம் ஏறியது. பிறகு கதவு அதிர்ந்தது, அண்ணன் இரண்டு கையாலும் தட்டினான். கீழ்க்கட்டளையை விட்டுப் போன நாளிலிருந்து என் வாயில் வராமலிருந்த பேச்சு அப்போது தானாக வந்தது.

“அம்மா சாப்ட்டுகினு கீது. தட்டாதண்ணா.”